யாருக்கு எதில் புள்ளி

மார்லிஸ் ஹோவ்லண்ட் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓ கிளேர் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தாள். வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குள் ஒரு கேள்வி குடியேறிவிட்டது. மரம் வெட்டுகிறவன் ஊசியைக் கண்டதும் மயங்கிச் சரிகிறான். ஒல்லியான தபால்காரி கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு முனகல்கூட இல்லாமல் வேலைக்குப் போகிறாள். அப்படியென்றால் பலம் எது, தாங்குவது எது?

இதையெல்லாம் அவள் ஆராய்ந்தது ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், தன் வீட்டு அடித்தள அறையில். சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் மேஜை. அதைச் சுற்றி நாங்கள் மூன்று பேர்: டயர் ஆலையில் வேலை பார்த்த டுவேன், பள்ளியில் இசை கற்பித்த இவோன், குளிர்காலத்தில் சாலைப் பனியைத் தள்ளும் வண்டி ஓட்டுகிற நான். மார்லிஸ் குகை, பூதம், பாழடைந்த கோட்டை என்று கதை சொல்வாள். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் இறங்குவோம். செய்ய நினைத்தது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். வலிமை, லாவகம், தாக்குப்பிடிப்பு, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு திறன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒரு சாகசம் முடிந்தால் ஒரு புள்ளி கிடைக்கும். அதை விரும்பிய திறனில் கூட்டிக்கொள்ளலாம்.

டுவேன் கிடைத்த புள்ளியையெல்லாம் தன் வீரன் புரோக்கின் வலிமையிலேயே போட்டான். அதில்தான் சிக்கல் வந்தது. சாதாரணப் பூதத்தை அனுப்பினால் புரோக் ஒரே வெட்டில் முடித்துவிடுவான். அவனுக்கு ஈடாக ஒரு பூதத்தை அனுப்பினால், அதன் கை பட்டாலே இவோனின் வைத்தியச்சி செத்துப்போவாள்.

"நாங்க எதுக்கு வரோம், உனக்குக் கை தட்டவா?" என்றாள் இவோன்.

"தட்டினா வேணாம்னா சொல்லப்போறேன்?" என்றான் டுவேன், மான்கறி சாசேஜைக் கடித்துக்கொண்டே.

மார்லிஸ் கோபப்படவில்லை. எண் ஏற ஏற அடுத்த படிக்கு அதிகப் புள்ளி ஆகும் என்று விதியை மாற்றிப் பார்த்தாள். எல்லோரும் மலிவான இடத்தில் போட்டோம். வசந்தம் வருவதற்குள் வீரன், வைத்தியச்சி, என் திருடன் மூவரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிட்டார்கள்.

பிறகு, எந்தத் திறனைப் பயன்படுத்துகிறோமோ அதுவே வளரும் என்றாள். அடுத்த ஞாயிறு புரோக் விடிந்ததும் பாறை தூக்க ஆரம்பித்தான். வைத்தியச்சி வசீகரத்துக்காகச் சத்திரத்தில் ஒருவர் விடாமல் குசலம் விசாரித்தாள். நான் பூட்டே இல்லாத கதவையும் நோண்டினேன். சாயங்காலம்வரை கதை சத்திரத்து வாசலைத் தாண்டவில்லை. மார்லிஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சரி, உங்க புள்ளிய நீங்க போட்டுக்க வேணாம். பக்கத்துல இருக்கறவங்க போடட்டும். என்னத்தப் பாத்து போடுறீங்கன்னு மட்டும் சொல்லணும். சொல்லத் தெரியலைன்னா புள்ளி கிடையாது."

அதற்கடுத்த ஞாயிறு சாகசத்தில் பாலம் காத்த ராட்சசன் ஒருவன் வந்தான். புரோக் அவனை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டு, ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தான். கணக்குப் பார்க்கும் நேரத்தில் இவோன் சொன்னாள்: "டுவேனுக்கு விவேகத்துல ஒண்ணு."

"விவேகமா? எனக்கு வெட்டி வெட்டி அலுத்துப்போச்சு, அவ்வளவுதான்."

"அலுத்தே போகட்டும். சண்டையில்லாம நாங்க பாலத்தத் தாண்டினது உன்னாலதானே?"

டுவேன் அழிப்பானை எடுத்தான். எண்ணை அழித்து எழுதும்போது அவன் காது சிவந்திருந்தது.

அந்த விதியும் சிக்கலில்லாமல் ஓடிவிடவில்லை. தன் பாலாடைக்கட்டியை டுவேன் தின்றுவிட்டதற்காக இவோன் ஒரு மாதம் அவனுக்குப் புள்ளியே போடவில்லை. "ஒண்ணும் பாக்கலையே," என்பாள். மார்லிஸ் இடங்களை மாற்றி உட்காரவைத்தாள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று பாத்திரங்களும் வெவ்வேறு பக்கம் வளர்ந்தன. யாரும் யாரையும் ஓரங்கட்டவில்லை. டிராகனோடு நடந்த பெரிய சண்டையில் புரோக் விழுந்தான். வைத்தியச்சி அவனைத் தூக்கி நிறுத்தினாள். அன்று மேஜையைச் சுற்றி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

மார்லிஸ் அந்த விதியை எழுதி ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினாள். நியாயமாக நடக்கும் என்று என்ன நிச்சயம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நல்ல கேள்விதான்," என்று அதைப் பற்றி ஒரு வாரம் பேசினாள்.

இப்போது அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். முழங்கால் மடங்குவதில்லை என்பதால் விளையாட்டு அடித்தளத்திலிருந்து தரைத்தளச் சமையலறைக்கு வந்துவிட்டது. போன மாதம் புதுக் கதை தொடங்கினாள். இதில் எல்லோரும் உச்ச எண்ணோடு ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு சாகசத்துக்குப் பிறகும் ஏதாவது ஒன்று குறையும். எது என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

"எதுக்கு இப்படி?" என்று டுவேன் கேட்டான்.

"தெரியல. நீ எதை விடுவேன்னு பாக்கணும்."

டுவேன் வெகுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, வலிமையையும் விவேகத்தையும் தொடாமல் லாவகத்தில் ஒன்றைக் குறைத்தான்.