கோர்ட் விட்டுவைத்த பெட்டி

புளி போட்டுத் தேய்த்த பித்தளையின் வாசனை... டெல்லி முனிர்காவில் நாங்கள் குடியிருந்த வீட்டில் அன்று காலை அதுதான் நிறைந்திருந்தது.

கோர்ட்டிலிருந்து ஆள் வருவார், வீட்டுச் சாமான்களை எழுதி எடுத்துப் போவார் என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா விடியும் முன்பே எழுந்து குடம், தவலை, இட்லிக் கொப்பரை என்று எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"போறதுதானம்மா, எதுக்குத் தேய்க்கே?" என்று கேட்டேன்.

"தின்னவேலிக்காரி ஏனத்த இப்படியா வச்சிருந்தான்னு எவனும் சொல்லிரக் கூடாதுல்லா," என்றாள்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஹிந்தி வராது. அவளுக்கு வாயும் காதும் நான்தான்.

அப்பா ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். நல்ல கை. பிறகு ஆசை வந்தது... டி.வி. கடை வைத்தார். கடனுக்கு பிளாக் அண்ட் ஒயிட் செட்டுகளாக வாங்கி அடுக்கினார். கொஞ்ச நாளில் கலர் டி.வி. வந்துவிட்டது. கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் "கலர் ஹை க்யா?" என்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பினார்கள்.

கடைசியில் அப்பாவே கோர்ட்டுக்குப் போய்த் திவால் மனு கொடுத்தார். எங்கள் ஊரில் மஞ்சக் கடுதாசி கொடுப்பது என்பார்கள். கிட்வாய் நகரில் இருந்த சொந்தக்காரர்கள் அதன் பிறகு எங்களை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை.

வந்த கோர்ட் அதிகாரி வயதான சர்தார்ஜி. கூடவே, டி.வி. சப்ளை செய்த ஏஜென்ஸியின் ஆள் ஒருவர். ஃப்ரிட்ஜ், ஸ்கூட்டர், பீரோ, டேபிள் ஃபேன் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்த சர்தார்ஜி, பாத்திரங்களைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"யே சப் அந்தர் ரக்கோ, பெஹன்ஜி."

எல்லாவற்றையும் உள்ளே வைக்கச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். அவர் என் பக்கம் திரும்பிப் பொறுமையாகச் சொன்னார். உடுத்தும் துணி, படுக்கை, சமைக்கும் பாத்திரம், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை... இதில் எதையும் தொடக் கோர்ட் ஆட்களைச் சட்டம் விடாது என்றார்.

நான் தமிழில் சொன்னேன். அம்மாவின் கை தாலிக்குப் போய் அப்படியே நின்றது.

"நெசமாவா சொல்லுதாரு? நல்லாக் கேளுட்டி."

மறுபடி கேட்டேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார்.

அப்புறம் அப்பாவின் டூல்ஸ் பெட்டி வந்தது. அங்கேதான் தகராறு.

கைத்தொழில் செய்பவனின் கருவிகளையும் எடுக்கக் கூடாது என்றார் சர்தார்ஜி. ஏஜென்ஸி ஆள் ஒத்துக்கொள்ளவில்லை. "இவர் டீலர், சாப். ரிப்பேர் மிஸ்திரி இல்லை. கல்லாவில் உட்கார்ந்தவர். எழுதுங்கள்" என்றார்.

சர்தார்ஜி, மிஸ்திரியா முதலாளியா என்று அப்பாவையே கேட்டார். "மிஸ்திரி ஹோ யா சேட்?"

அப்பா பெட்டியைப் பார்த்தார். கடை வைத்த பிறகு அவர் அந்தப் பெட்டியைத் திறந்ததே இல்லை.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சௌதரி விறுவிறுவென்று போய்த் தன் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்தார். எருமைக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியில் விழுந்து ஊமையாகிக் கிடந்தது அது.

"மிஸ்திரி ஹை தோ இஸ்கோ சலா கே திகா," என்று, ஓடவைத்துக் காட்டச் சொல்லி அப்பாவின் முன்னால் வைத்தார்.

அப்பா தரையில் உட்கார்ந்தார். அம்மா சால்டரிங் அயர்னை பிளக்கில் செருகினாள். மூடியைக் கழற்றினார்... துருவைச் சுரண்டினார்... அறுந்த ஒயரை ஒட்டினார். முதலில் தடுமாறிய விரல்கள் போகப்போக நிதானத்துக்கு வந்தன. கடையில் கடன்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் கூனிப்போயிருந்த என் அப்பா இல்லை அவர். வேறு யாரோ. நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏஜென்ஸி ஆள்கூடக் குனிந்து பார்த்தார்.

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு, கோதுமைக்கு எப்போது தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று ஒரு குரல் தெளிவாகப் பேச ஆரம்பித்தது.

சர்தார்ஜி பெட்டியை மூடி அப்பா பக்கம் நகர்த்தினார். "மிஸ்திரி ஹை." அவ்வளவுதான். எழுதவில்லை.

அடுத்த வாரம் அந்த ஏஜென்ஸி ஆளே தன் வீட்டு ரேடியோவோடு வந்தார்!

அந்தப் பெட்டிதான் என்னைப் படிக்கவைத்தது. பிற்பாடு கோர்ட் அப்பாவைக் கடனிலிருந்து விடுவித்தது. அவர் மறுபடி கடை வைக்கவே இல்லை.

வேலைக்குப் போன பிறகு அந்தச் சட்டப் பிரிவைத் தேடிப் படித்தேன். அப்பாவின் வயதைவிடப் பழைய சட்டம். எங்களை அறியாத யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்... எவ்வளவு விழுந்தாலும் மறுநாள் இவன் சமைக்க வேண்டும், படுக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்று. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

இப்போது கடன் போனிலேயே கிடைக்கிறது. அதைத் திருப்பிக் கேட்பவர்களும் போனிலேயே வருகிறார்கள். போன மாதம் தெரிந்த பையன் ஒருவனுக்கு வந்த குரலைக் கேட்டேன். அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று அந்தக் குரலுக்கு எதுவும் தெரியாது.

அன்றைக்கு வந்த சர்தார்ஜியும் எங்களிடம் இருந்ததை எடுத்துப் போக வந்தவர்தான்.

ஆனால், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்...