நாலு நொடி மௌனம்

காதில் பூச்சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது என் அக்காவுக்கு நடந்தது. அக்கா பொய் சொல்கிறவள் அல்ல, லேசில் பயப்படுகிறவளும் அல்ல. நடுராத்திரி, நாய் ஊளை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். பட்டப்பகல், மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடம்.

அக்காவுக்கு ஒலிப்புத்தகம் தயாரிக்கிற வேலை. புருஷனோடு ஒத்துவராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள், ஒரு கட்டடத்தின் பின்பக்கம் அறை பிடித்து, குறுக்கே கண்ணாடி வைத்து ஸ்டுடியோ ஆக்கினாள். கண்ணாடிக்கு உள்ளே மைக், ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு ஸ்டூல். வெளியே கம்ப்யூட்டர், அக்கா. "எத்தனை நாளைக்கு? தானா வீட்டுக்கு வந்துடுவா" என்றாள் அம்மா. அது போதாதா? அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதல் புத்தகத்தை வாசிக்க வந்தவர் ஓய்வுபெற்ற அறிவிப்பாளர். தொண்டையைத் தங்கம் மாதிரி காப்பாற்றுகிற மனிதர். ஒரு புத்தகத்தை எடுத்தால், அது முடியும்வரை ஸ்டுடியோவில் வேறு பேச்சே கிடையாது, தலையாட்டல்தான். இன்னொரு பழக்கமும் உண்டு. பக்கத்தில் ஸ்டூல் சும்மா கிடந்தாலும் தண்ணீர் பாட்டிலைத் தரையில்தான் வைப்பார். கிறுக்கு மனுஷன் என்று அக்கா விட்டுவிட்டாள்.

புத்தகத்தைக் கொடுத்திருந்த பதிப்பகத்துக்காரர், அதுவரை முடிந்த அத்தியாயங்களை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்.

"வாசிப்பு நிக்கிற இடத்துல எல்லாம் யாரோ மூச்சு விடுறாங்கம்மா. அவர் மூச்சு இல்ல, வேற யாரோ. இந்த வாரம் சுத்தமா வரலைன்னா வேற இடம் பாத்துக்குவேன்."

புத்தகம் போனால் அறை போச்சு. அறை போனால் அம்மா சொன்னது பலித்துவிடும். அக்காவுக்கு அதைவிடச் செத்துப்போகலாம்.

இந்தத் தொழிலில் ஒன்று உண்டு. வாசிப்பவர் இருமுவார், தாள் புரட்டுவார். அதை வெட்டி எறிந்தால் அந்த இடத்தில் ஓட்டை விழுந்து, காது கண்டுபிடித்துவிடும். அதனால் ஆளில்லாத அறையைச் சும்மா பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். அந்த மௌனத்தில் ஒரு துண்டை வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடும்படி லூப் போட்டு, ஓட்டையெல்லாம் அடைப்பார்கள். துண்டில் துளி சத்தம் இருந்தாலும் தொலைந்தது. லூப் சுற்றும்போதெல்லாம் அதுவும் கூடவே சுற்றும்.

தப்பு அங்கேதான் என்று அக்கா நினைத்தாள். பழைய துண்டைத் தூக்கிப்போட்டாள். ஏசியை அணைத்தாள். காலி அறையின் கதவைத் தன் கையாலேயே சாத்திவிட்டுப் புதிதாகப் பதிவு செய்தாள். நாலு நொடி வெட்டி, லூப் போட்டு, ஹெட்போனை மாட்டினாள்.

முதல் சுற்று சுத்தம். இரண்டாவதும் சுத்தம்.

மூன்றாவதில்... ஸ்ஸ்...

நிறுத்தினாள். முதலிலிருந்து போட்டாள். முதல் சுற்று சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதில்... ஸ்ஸ்...

ஒரே துண்டு. அதே நாலு நொடி. முதல் சுற்றில் இல்லாத சத்தம் மூன்றாவதில் எப்படி வரும்? வரவே முடியாது.

நாலாவதில் கொஞ்சம் கிட்டே வந்தது. ஐந்தாவதில் இழுக்கிற மூச்சு தனியாக, விடுகிற மூச்சு தனியாகக் கேட்டது.

திரையைப் பார்த்தாள். சத்தத்தைக் காட்டும் கோடு எல்லாச் சுற்றிலும் ஒரே மாதிரி.

கண்ணாடியைப் பார்த்தாள். யாரும் இல்லை.

ஸ்ஸ்... ஹா...

இடது காதில்.

சூடாக.

ஹெட்போனுக்குள் சூடு எப்படி வரும்?

நானாக இருந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருப்பேன். அக்காவும் பயந்துதான் போனாள். அவளே சொன்னாள். ஆனால் எழுந்தவள் வாசல் பக்கம் போகவில்லை. ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு, நேராகக் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தாங்க, நீங்க யாரோ எனக்குத் தெரியாது. உங்களுக்குப் போக வேற இடம் இல்லியோ என்னவோ. எனக்கும் இல்ல. நான் போக மாட்டேன். இருக்கணும்னா இருந்துக்குங்க. ஆனா ரெக்கார்டிங் ஓடும்போது மூச்சு சத்தம் வரக் கூடாது. சொல்லிட்டேன், ஆமா!"

ஸ்டூல் லேசாக... கிறீச்.

திரும்பி வந்து லூப்பை ஓடவிட்டாள். மூன்றாவது சுற்று சுத்தம். பத்தாவது சுற்றும் சுத்தம். சாயங்காலத்துக்குள் ஓட்டையெல்லாம் அடைத்துவிட்டாள். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. மறுநாள் காலையில் அறிவிப்பாளர் வந்து அதை வாசித்து முடித்தார். அக்கா கேட்டுப் பார்த்தாள், ஒரு குறை இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கவேண்டும் என்று கை பரபரத்தது.

அறிவிப்பாளர் வெளியே வந்து தண்ணீரைக் குடித்துவிட்டு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுதும்மா. ஆமா, நான் வாசிக்கிறதுல தப்பு பாக்க ஸ்டூல்ல ஒரு அம்மாவை உக்கார வச்சீங்களே, அவங்களுக்கு இன்னிக்கு என்ன?"

"எந்த அம்மா?"

"அதாம்மா, முதல் நாள்லேருந்து என் பக்கத்துல உக்காந்திருக்காங்களே. இன்னிக்கு நான் ஆரம்பிச்சதுலேருந்து ரெண்டு கையாலயும் வாயையும் மூக்கையும் இறுக்கிப் பொத்திக்கிட்டே இருந்தாங்க. முகமெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. இன்னமும் அப்படியேதான் இருக்காங்க. கையை எடுக்கச் சொல்லுங்கம்மா, பாவம்."

அக்கா அந்த அறையைக் காலி செய்யவில்லை. இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு வாசிப்பும் முடிந்ததும் கண்ணாடிக் கதவைத் திறந்து, காலி ஸ்டூலைப் பார்த்து, "முடிஞ்சுது, விடுங்க" என்று சொல்கிறாள்.

ஒரு நாள் நானும் கூட இருந்தேன். அவள் அதைச் சொன்னாள்.

ஹா...