வரிப்பத்தான்சேனையில் தொலைத்த வடக்கு

பழைய சூளைகளிடம் போய், "நீ கடைசியாக எரிந்த நாளில் வடக்கு எங்கே இருந்தது?" என்று விசாரிப்பதுதான் என் தொழில். செய்கிற வேலையைச் சொந்த வீட்டாருக்கு விளங்கப்படுத்தியே களைத்துப்போனவர்களே, நீங்களாவது கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். களிமண்ணில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் உண்டு. மண் நன்றாகச் சூடேறி ஆறும்போது, பூமியின் காந்தம் அன்றைக்கு எந்தப் பக்கம், எவ்வளவு பலமாக இழுத்ததோ, அதை அவை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். காந்தத்தின் வடக்கு காலத்துக்குக் காலம் நகர்வதால் இது பெரிய புதையல். பலத்தைப் பெயர்ந்த துண்டும் சொல்லும்; பக்கத்தைச் சொல்லத்தான் ஒரு நிபந்தனை, சூளைத் தரை எரிந்த இடத்திலேயே அசையாமல் கிடக்க வேண்டும். இன்றைய வடக்கை அதன் மேல் கோடாகக் கீறிய பிறகுதான் பெயர்த்தெடுக்கலாம்.

வாய்க்கால் வெட்டப்போய்

அப்படி அசையாத சூளை ஒன்றைத் தேடி மருதமுனையிலிருந்து ஸ்கூட்டியில் மூன்று வருடம் அலைந்தேன். அது கிடைக்காமல் என் ஆய்வின் கடைசி அத்தியாயம் வெறும் தாளாகக் கிடந்தது. கடைசியில் வரிப்பத்தான்சேனையில் பெரிய வயற்காரரான இஸ்மாலெவ்வைப் போடியார் தன் வயலில் வாய்க்கால் வெட்டப்போய், சிவக்கச் சுட்ட தரை ஒன்று தட்டுப்பட்டது. உரிய அனுமதியெல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை போய் நின்றேன். போடியார் தாராளமாகச் சம்மதித்தார். நாள்தான் தரவில்லை.

"மகள், வெள்ளிக்கிழமை குளத்துல தண்ணி திறக்கிறாங்க. அதுக்குப் பிறகு இது வயல், சூளையில்ல."

பள்ளித் தலைவரின் கேள்வி

அன்றைக்கே பள்ளிவாசல் தலைவரும் வயலுக்கு வந்துவிட்டார். திசைகாட்டியோடு நான் மாரடிப்பதைப் பார்த்து என்ன வேலை என்று கேட்டார். வெகுளித்தனமாக, வடக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை, நகர்ந்துகொண்டே இருக்கும் என்று சொல்லித் தொலைத்தேன். மனிதரின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப எங்கட வாப்பாமார் தொழுத கிப்லா பிழையா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு மண் துண்டு எடுக்க வந்து ஊரையே கலக்கிவிட்டேனே! மக்காவும் அசையவில்லை, வரிப்பத்தான்சேனையும் அசையவில்லை, தொழும் திசையான கிப்லா அந்த இரண்டையும் பொறுத்தது, காந்த முள் காட்டுகிற வடக்கு மட்டும்தான் நகரும் என்று மூச்சுவிடாமல் விளங்கப்படுத்தினேன். அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

"அப்ப ஆடுறது வடக்குத்தான், நாங்க ஆடல்ல. அல்ஹம்துலில்லாஹ்."

முக்காட்டு வில்லை

கல்முனையைச் சேர்ந்த அன்டன் அண்ணன் எங்கள் ஆய்வுகூடத்து உதவியாளர். சாந்து குழைத்துத் தரையில் அப்புவதும் துண்டு வெட்டுவதும் அவர் வேலை. முள்ளைப் பார்த்துச் சாந்தின் மேல் கோடு கீறுவது என் வேலை. இரண்டு நாளில் எட்டுத் துண்டுகள் எடுத்துவிட்டோம். புதன்கிழமை, இன்னும் ஒரு சுளகளவு தரைதான் மிச்சம் இருந்தபோது, அன்டன் அண்ணன் தற்செயலாகத் திசைகாட்டியை எட்டிப் பார்த்தார். என்னைத் தள்ளிப் போகச் சொன்னார். கிட்ட வரச் சொன்னார். மறுபடியும் தள்ளிப் போகச் சொன்னார். பிறகு என் கழுத்தைக் காட்டினார்.

முக்காட்டுக்கு ஊசி குத்தாமல் இப்போது எல்லாரும் போடுகிறோமே, இரட்டைக் காந்த வில்லை, அதுதான்! துணியில் ஓட்டை விழாது என்று தங்கச்சி வாங்கித் தந்தது. நான் குனிந்த போதெல்லாம் அது முள்ளை இழுத்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவுக்கு. எட்டுக் கோடும் பொய். பூமியின் காந்தத்தைப் படிக்கிற ஒருத்தி கழுத்தில் காந்தத்தை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்! வரம்பிலேயே குந்திவிட்டேன். அன்டன் அண்ணன் சிரிக்கக்கூட இல்லை.

"மிஸ், நீங்க குனிஞ்சா வடக்கு உங்களத்தான் பாக்குது."

தயிர்ச் சட்டியோடு வந்தவர்

மிச்சமிருந்த சுளகளவு தரைதான் இனி எனக்கு எல்லாம். அன்றைக்குச் சாந்தும் முடிந்துபோயிருந்தது. நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை பத்திரம் என்று போடியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழன் காலை வில்லையைக் கழற்றி எறிந்து, ஊசியும் வேண்டாமென்று முக்காட்டை வெறுமனே முடிந்து, நான் வெளிக்கிடவும் வாசலில் போடியாரின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பின்னால் ஓர் உரப்பை, கைப்பிடியில் தயிர்ச் சட்டி. தண்ணீரை ஒரு நாள் முந்தித் திறந்துவிட்டார்களாம். வயலுக்குள் தண்ணீர் ஏறுவதைக் கண்டு பதறி, மண்வெட்டியோடு இறங்கி, என் தரையை அவரே பெயர்த்துக் காப்பாற்றியிருக்கிறார். பையைத் திறந்தேன். வைக்கோலுக்குள் செக்கச்செவேலென்று கிடந்தது. எந்தப் பக்கம் எங்கே பார்த்துக் கிடந்தது என்று கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லை. வாயைத் திறந்தால் என்ன சொல்லிவிடுவேனோ என்று பயந்து தயிர்ச் சட்டியை வாங்கிக்கொண்டேன். முழங்கால் வரை சேற்றோடு நின்ற அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்து ஆறுதல் சொன்னார்.

"கவலப்படாதீங்க மகள், ஒரு மூலையும் உடையல்ல. உங்களுக்கெண்டு நாலு தண்ணியில கழுவித்தான் கொண்டு வந்த."

பூமி அன்றைக்கு எவ்வளவு பலமாக இழுத்தது என்பது இப்போது என் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் இழுத்தது என்ற கதையை மட்டும் என் அலங்காரமும் ஒரு நல்ல மனிதரின் உபசாரமும் சேர்ந்து முடித்துவைத்துவிட்டன.