தோளால் வெட்டிய துணி

தையல்கடைக்காரியின் கட்டைவிரலுக்குக் கத்தரிக்கோலை அழுத்தத் தெம்பில்லை.

"நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்பு விட்டுப்போகுது. வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் நடக்கும், உங்களுக்கு நோயால வேகமா நடக்குது," என்றார் டாக்டர்.

கடையைப் பூட்டிவிடலாம் என்றார் கணவர்.

"பூட்டுறதுக்கும் விரல் வேணும்ல?" என்று அவர் வாயை அடைத்தாள்.

கத்தரிக்கோலின் கீழ்ப்பிடியை மேசையோடு திருகாணியால் முடுக்கச் சொன்னாள் கணவரிடம். மேல்பிடியை நாடாவால் முன்கையில் கட்டிக்கொண்டு, தோளால் அழுத்தி வெட்டினாள். முதல் துணி கோணலாகிக் குட்டிச்சுவரானது. நல்லவேளை, அது கணவரின் சட்டைத்துணி. அடுத்தது நேராக வந்தது.

"நாளைக்குத் தோளும் மக்கர் பண்ணுனா?" என்றார் அவர்.

"அப்ப உங்க கை எதுக்கு இருக்கு? வந்து துணியில வெட்டுறதுக்குக் கோடு போட்டுப் பழகுங்க."

கடையைப் பூட்டச் சொன்னவர் சாக்பீஸை எடுத்தார்.