பெறாமகளை ஏற்காத மரணசாசனம்

உயில் காப்பகத்தின் மதிப்புக்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

ஒரு சொல்லின் பொருட்டு முதியவன் ஒருவன் இத்தனை சினம் கொள்ளலாமா என்று நகைக்காது, இதனை இறுதிவரை வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

லண்டனின் செவன் கிங்ஸில் எனக்கு ஒரு வீடு உண்டு. மனைவி காலமான பின்னர் அதில் நானும் என் தமையனாரின் மகளும் வசித்து வருகிறோம். தமையனாரும் அண்ணியாரும் ஊரில் போர் நடந்தபோது ஒரே நாளில் ஷெல் வீச்சில் மாண்டபோது அவள் பள்ளிச் சிறுமி. அன்றிலிருந்து அவள் எங்கள் பிள்ளை. எனக்குப் பிறந்தவன் ஒரே மகன், அவளுக்கு இளையவன், குடும்பத்தோடு மான்செஸ்டரில் இருக்கிறான். என் இதயச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மருந்தும் சோறும் தந்து என்னை எழுப்பி நடத்தியவள் அவளே. ஆகவே வீட்டில் பாதி அவளுக்கு, பாதி மகனுக்கு என்று மரணசாசனம் எழுத முடிவு செய்தேன்.

எங்கள் ஊரில் இதற்குப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போவார்கள். இவர் உமக்கு என்ன முறை என்று அவர் கேட்பார். நாம் சொல்வதை எழுதுவார். லண்டனில் உயில் எழுதித் தரும் நிறுவனம் ஒன்றின் இணையத்தளத்திலேயே அதனை எழுதலாம் என்று மகன் சொன்னான். நூலக வகுப்பில் கணினி பழகியவன் நான். பிறர் உதவியின்றி அமர்ந்தேன். உமக்கு எத்தனை பிள்ளைகள் என்று இணையப் படிவம் முதலில் வினவியது. இரண்டு என்றேன். உறவுமுறைகளின் வரிசையில் மகன், மகள் என்பவற்றைத் தெரிவு செய்தேன். வீட்டை என் பிள்ளைகளுக்குச் சமபங்காக விடுவதாக அழகிய ஆங்கிலத்தில் பத்திரம் வந்தது.

அவ்வாரம் வந்திருந்த மகன் அதனைக் குசினி மேசையில் வைத்து வாசித்தான்.

"அப்பா, ரெண்டு பிள்ளையெண்டு போட்டிருக்கிறியள்."

"ஓம். ரெண்டுதானே."

"சட்டத்தில அக்கா உங்கட மகள் இல்லை அப்பா. பிள்ளைகள் எண்டு மட்டும் எழுதினால் அதுக்குள்ள அவ வரமாட்டா. முழு வீடும் எனக்குத்தான் வரும்."

"நீ அவளை என்னெண்டு கூப்பிடுறனி?"

"அக்கா எண்டு."

"அக்கா உன்ர தகப்பனுக்கு என்ன முறை?"

தோசை சுட்டுக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்:

"சண்டை பிடியாதேங்கோ. வீட்டைத் தம்பி எடுக்கட்டும். எனக்கு அந்தக் கிரைண்டரை எழுதிவிடுங்கோ சித்தப்பா. அது நான் அடிச்சால்தான் வேலை செய்யும்."

மகன் சிரித்தான். என்னால் சிரிக்க இயலவில்லை. அவன் நல்லவன்தான். ஆயினும் என் காலத்துக்குப் பின் அவள் தன் வீட்டில் இன்னொருவர் தயவில் குடியிருப்பதை நான் எவ்வாறு பொறுப்பேன்?

மறுநாள் அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசிய பெண்மணி பணிவாகவே கேட்டார்: தத்தெடுத்த மகளா, மனைவியின் முதல் மணத்து மகளா? இரண்டும் இல்லை என்றேன். தத்தெடுத்ததற்குப் பத்திரம் ஏதும் உண்டா என்றார். ஷெல் விழுந்துகொண்டிருந்த ஊரில் அப்பத்திரம் எழுத எந்த நீதிமன்றம் திறந்திருந்தது? அப்படியானால் அவர் உங்கள் 'நீஸ்' என்று முடித்துவிட்டார்.

ஐயா, அம்மா, என் கோபம் அங்கேதான் மூண்டது. ஆங்கிலத்தில் சகோதரியின் மகளும் 'நீஸ்', சகோதரனின் மகளும் 'நீஸ்'. எங்கள் முறையில் சகோதரியின் மகள் மருமகள். என் மகன் அவளை மணக்கலாம். தமையனின் மகளோ அவனுக்கு உடன்பிறப்பு. ஒருவன் மணக்கத்தக்கவளையும் மணக்கவே தகாதவளையும் ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கும் சட்டம், என் வீட்டில் யார் மகள் என்று எனக்குக் கற்பிக்க வருகிறது! தமையன் மகளை நாங்கள் பெறாமகள் என்போம். அச்சொல்லில் மறுப்பு பெறுதலுக்கு மட்டுமே உண்டு. மகள் என்பதற்கு இல்லை.

உறவுமுறை வரிசையின் அடியில் 'வேறு' என்று ஒரு வெற்றுக்கட்டம் இருந்தது. அதில் பெறாமகள் என்பதை ஆங்கில எழுத்துகளில் இட்டு அனுப்பினேன். அவர்கள் சரிபார்த்து அனுப்பிய பத்திரத்தில் அது அவளுடைய குடும்பப் பெயராகியிருந்தது.

"இனிப் பாஸ்போர்ட்டையும் மாத்தவோ சித்தப்பா?" என்று கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்று மாலை மகனே அழைத்தான்.

"அப்பா, முறை என்னவாவது கிடக்கட்டும். அக்கான்ர பாஸ்போர்ட்டில உள்ள பேரைப் போட்டு, பாதி வீடு எண்டு தெளிவா எழுதுங்கோ. நான்தான் கேக்கிறன்."

"நீஸ் எண்டு போடச் சொல்லுறியோ?"

"போடுங்கோ. நான் அக்கா எண்டுதான் கூப்பிடுவன்."

அவ்வாறே எழுதினேன். பங்கு பெறுபவர்கள் சாட்சியிடலாகாது என்பதால் அயல்வீட்டுக் கணவனும் மனைவியும் வந்து, நான் கையொப்பமிடுவதைப் பார்த்து, என் கண்முன் தாமும் கையொப்பமிட்டார்கள். இந்நாட்டில் உயில் செல்லுபடியாவதற்கு அதுவே போதும். பதிவு என்பது பத்திரம் எங்கே இருக்கிறது என்பதற்கான குறிப்பு மட்டுமே. பதியாத உறுதிப்பத்திரம் நில்லாது என்று கேட்டு வளர்ந்த என் மனம் அதனை ஏற்கவில்லை. பத்திரத்தைத் தங்கள் காப்பகத்தில் ஒப்படைத்து, பதிவும் செய்தேன்.

பாதி வீடு அவளுக்கு உறுதியாயிற்று. ஆனால் என் கையொப்பத்துக்கு மேலே, என் மகளை நானே 'நீஸ்' என்று கூறியிருக்கிறேன். அவ்வசனத்தை வாசிக்கும்தோறும் என் உள்ளம் கொதிக்கிறது. அது என் சொல்லன்று. சட்டம் என் கையால் எழுதுவித்த சொல். அவள் எனக்கு யார் என்பது இந்தத் தாள்களில் மட்டுமே சரியாக எழுதப்பட்டுள்ளது. ஆகவே இதனை எறிந்துவிடாது, அப்பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்குமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.