ஸ்பீக்கர் காந்தத்துடன் பாகூரிலிருந்து மதகடிப்பட்டு வரை

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு என் அக்கா மகள் கயல்விழி போன் செய்தாள். மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறவள்.

"மாமா, என் காந்தம் இரும்பு ஸ்டாண்டுல போய் மோதி சில்லு சில்லா பூடுச்சு. உன் மைக் செட்டுல பெரிய காந்தம் இருக்குமில்ல?"

அழுகிற குரல். பாகூரில் நான் மைக் செட் போட்டால் கடலூரில் காது அடைக்கும். அப்பேர்ப்பட்ட ஸ்பீக்கரைச் சுத்தியலால் தட்டிப் பிரித்து, வட்டக் காந்தத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பத்து மணிக்கு வண்டியை எடுத்தேன்.

எதற்குக் காந்தம்? பெரிய விஞ்ஞானிகளே இவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டார்கள், கேளுங்கள். மருந்து செய்ய, கார்பனோடு கார்பனை இணைக்க வேண்டுமாம். தானாகச் சேராது. இரும்பு ஆக்சைடு மேல் பல்லேடியம் ஏற்றிய நுண்பொடி ஒன்று, இரண்டையும் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். திருவிழா முடிந்ததும் நான் ஒயரைச் சுருட்டி அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிற மாதிரி, அதே பொடியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். திரவத்திலிருந்து அதை இழுத்து எடுக்கத்தான் காந்தம்.

அதே பொடியை வைத்து அவளுக்கு ஐந்தாவது சுற்று முடிந்திருந்தது. பொடி அப்படியே ஊறினால் பல்லேடியம் கழன்றுவிடும். வடிகட்டினால் பாதி வடிதாளில் ஒட்டிக்கொண்டு போய்விடும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாத உழைப்பு வீண்.

கரிக்கலாம்பாக்கம் வழியாக வில்லியனூர், என் மீட்டரில் பதினேழு கிலோமீட்டர். பத்தே முக்காலுக்கு டீ, பதினைந்து ரூபாய். பையைக் கடையின் தகர மேசையில் வைத்தேன், எடுக்க வரவில்லை.

"இன்னாபா, ஆணி அடிச்சி வெச்சிட்டியா?" என்றார் கடைக்காரர்.

"ராக்கெட் சாமான்ணே, ஆராய்ச்சிக்குப் போவுது."

"ராக்கெட்டு எம்மேசையவும் தூக்கினு போயிடப் போவுது. தூக்காதபா, ஓரமா தள்ளிக்கினு வா."

தள்ளியதும் வந்துவிட்டது. அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர். பதினொன்றரைக்கு ஆய்வகத்தில் இருந்தேன்.

மை மாதிரி கறுப்பாக இருந்த குடுவையின் பக்கவாட்டில் கயல் காந்தத்தை அணைத்துப் பிடித்தாள். அரை நிமிடத்தில் தெளிந்தது என்று எழுதத்தான் ஆசை. அவள் இதைப் படிப்பாள், அதனால் உண்மை: பதினான்கு நிமிடம். அதுவரை நான் ஒரு புளுகுகூட விடவில்லை. என் வரலாற்றில் இது முதல் முறை. கறுப்பெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, மீதி தண்ணீராய்த் தெளிந்தபோது அவள் என் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டாள். கழுவி, உலர்த்தி, மூன்று மணிக்கு எடை போட்டாள்.

"பொடி அப்படியே இருக்குது மாமா." பிறகு காந்தத்தைத் திருப்பிப் பார்த்தாள். "சுத்தியல் தழும்பு புதுசா இருக்குதே. நல்ல ஸ்பீக்கரையா ஒடச்ச?"

"சேச்சே, மூலையில கெடந்ததுடி."

"பொய்யி."

இதே மாதிரி போகிறவர்களுக்கு: காந்தத்தைப் பழைய பனியனில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், ஏடிஎம் கார்டை வேறு பையில் வையுங்கள். பெட்ரோல் நூற்றைம்பது போதும். ஆய்வகத்தில் பெயர் எழுதாத பொருளைக் குப்பையில் போட்டுவிடுவார்களாம். அதனால் நான் கிளம்புமுன் கயல் ஒரு சீட்டு எழுதிக் காந்தத்தில் ஒட்டினாள்: "மாமா. யாரும் எடுக்கக் கூடாது."