ஜல்லி வளைவில் சொன்ன பொய்

இந்த வாரம் எழுத உட்காரவே கூச்சமாக இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்பு, ஏலமலையில் பைக்கிலிருந்து விழுந்த கதையை இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எத்தனை கடிதங்கள்... முழங்கைக்கு நல்லெண்ணெய் தடவச் சொன்னவர்கள்கூட உண்டு. அத்தனை பேரும் என்னை மன்னிக்க வேண்டும். நான் விழுந்தது நிஜம். விழுந்ததற்குச் சொன்ன காரணம் பொய்.

நடந்தது இதுதான். கேரள எல்லையில் கம்பம்மெட்டைத் தாண்டி என் நண்பருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இறங்க வேண்டும். தார் போடுகிறோம் என்று ஜல்லியைக் கொட்டினார்கள். தார் மட்டும் இன்னும் வரவில்லை. பஸ் கிடையாது. தோட்டத்தில் ஏலக்காய் பறிக்கிற பெண்கள் கடைக்கு வந்தால், திரும்பும்போது மேலே மெயின் ரோட்டு முக்கில் நிற்பார்கள். கை காட்டி லிஃப்ட் கேட்பதெல்லாம் இல்லை. பைக்கில் இறங்குகிறவர் தானாக நிறுத்துவார், ஏறிக்கொள்வார்கள்.

பாதி வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே மட்டும் பின்னால் இருப்பவர் இறங்கி நடந்து, வளைவு முடிந்ததும் மறுபடி ஏறிக்கொள்வார். பல வருடம் பைக் ஓட்டியவர்கள்கூட அப்படித்தான் இறக்கிவிடுகிறார்கள்.

அன்று முக்கில் நின்றவர் பேச்சியம்மாள். நண்பரின் தோட்டத்தில்தான் வேலை, நாற்பது வயதிருக்கும். அரிசிப் பையை மடியில் வைத்து ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டார். வளைவு வந்ததும், "அண்ணே, நிறுத்துங்க. எறங்கி நடந்துக்கிறேன்" என்றார்.

நானா நிறுத்துவேன்? அகலமான டயர் போட்ட புது வண்டி. போதாக்குறைக்கு, ஜல்லி ரோட்டில் ஓட்டுவது எப்படி என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து வைத்திருந்தேன்.

"பயப்படாம உக்காருங்கம்மா" என்றேன்.

வண்டி சறுக்கத் தொடங்கியதும் பார்த்த வீடியோ எல்லாம் மறந்துபோனது. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன் - ஜல்லியில் செய்யவே கூடாத காரியம். முன்சக்கரம் வழுக்கி, இரண்டு பேரும் கீழே கிடந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பேச்சியம்மாளுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

பின்னாலேயே வந்த ஜீப் நின்றது. "எந்து பற்றி சாரே?" - என்ன ஆச்சு என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டே டிரைவர் ஓடி வந்தார். ஜீப்பிலிருந்த ஆறேழு பேரும் என்னையே பார்த்தார்கள். யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்தது இது:

"அவங்க பின்னால அசைஞ்சிட்டாங்க."

பேச்சியம்மாள் சிந்திய அரிசியை ஒரு கையால் அள்ளிக்கொண்டிருந்தார்.

அத்தோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து பத்தியாக வேறு எழுதினேன். 'பின்னால் உட்காரத் தெரியாதவரை ஏற்றினால் எப்பேர்ப்பட்டவனும் விழத்தான் வேண்டும்' என்று ஒரு தத்துவம். பெயர் போடவில்லை, அதனால் யாருக்கும் பாதகமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு மறுபடி போனேன். முக்கில் சுலைமான் பாயின் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வெளியே பேச்சியம்மாள் பையோடு நிற்பது தெரிந்தது. ஒரு பைக் வந்தது. வேகம் குறைந்தது. ஓட்டியவர் அவரைப் பார்த்தார், போய்விட்டார். அடுத்த பைக்கும் அப்படியே.

"ஏன் பாய், யாரும் நிறுத்தல?"

பாய் சுவரைக் காட்டினார். என் பத்தி, என் படத்தோடு ஒட்டியிருந்தது.

"நீங்கதான சார் எழுதினீங்க? பேரு போடலைன்னா யாருன்னு தெரியாதா? கைல கட்டோட திரிஞ்சது அவங்க ஒருத்தர்தான். இப்ப அவங்கள ஏத்த எல்லாருக்கும் பயம். மூணு கிலோமீட்டரும் நடந்துதான் போறாங்க."

டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பேச்சியம்மாளே பேசினார்.

"நா அசையலண்ணே. அரிசி சிந்திரும்னு மூச்சக்கூடப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தெரியும்மா."

"தெரிஞ்சா, ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

ஜீப்பில் வந்த ஆறேழு பேர், அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது... அவர்கள் முன்னால் ஓட்டத் தெரியாதவன் ஆகிவிடுவேனே என்ற பயம். அவ்வளவுதான். இத்தனை அற்பமான காரணத்தை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "வாங்க, கொண்டுபோய் விடுறேன்" என்றேன். "வேணாம்ணே" என்று பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

கடைக்குள் வந்து, இருந்தவர்கள் எல்லாரிடமும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பாய் மட்டும் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எங்க நாலு பேருகிட்ட சொல்லி என்ன சார்? பேப்பர்ல வந்தத பேப்பர்லதான் மாத்தணும். இந்தத் தடவ பேரோட போடுங்க."

போட்டுவிட்டேன் பாய். பழையதைக் கிழிக்க வேண்டாம், பக்கத்திலேயே இதையும் ஒட்டுங்கள்: இறங்கிக்கொள்கிறேன் என்று பேச்சியம்மாள் சொன்னார். அவர் அசையவில்லை. பிரேக் பிடித்தவன் நான்.